பட்டறையில் நீங்கள் யாருக்கும் இரவல் தராத கருவி எது?

ஓசூர்_உலை

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் கொல்லுப்பட்டறை பதினான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. வாரநாளில் நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மாதிரி இயந்திரம்) புரோகிராம் எழுதுகிறேன், எல்லாம் மைக்ரான் கணக்கு. சனிக்கிழமை ஊருக்குப் போய் உலையை மூட்டினால் அளவெல்லாம் கண்ணால்தான். இரண்டு வருடமாக இப்படி ஓடுகிறது. மண்வெட்டி, களைக்கொத்து வரை கை வந்திருக்கிறது.

கேள்வி இதுதான். சுத்தி, சம்மட்டி, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை, சூட்டு இரும்பைப் பிடிக்கும் குறடு எல்லாம் எல்லாரிடமும் இருக்கும், அதை விடுங்கள். ஒரே ஒரு வேலைக்கென்று வைத்திருப்பீர்களே, பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டாலும் "அது எங்கேயோ கிடக்குதுண்ணே" என்று மழுப்புவீர்களே, அந்தக் கருவி எது?

கேட்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது சாக்கில் கட்டிய இருபத்து மூன்று உருப்படி கிடைத்தன. வெட்டிரும்பு நாலு, துளை போடும் முளைகள், கடப்பாரைக்குக் கூர் தட்டும்போது அடியில் கொடுக்கும் பள்ளக்கட்டை, இதெல்லாம் தெரிகிறது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. உளி மாதிரி இருக்கிறது, ஆறு அங்குல நீளம். வாய் இரண்டு விரல் அகலம், ஒரு பக்கம் மட்டும் சரிவு. தலை காளான் மாதிரி விரிந்திருப்பதைப் பார்த்தால் நிறைய அடி வாங்கியிருக்கிறது. ஆனால் வாயில் நெருப்பு பட்ட அடையாளமே இல்லை. அதோடு சேர்த்து உள்ளங்கை அளவு ஈயத்தகடு ஒன்று, அது முழுக்க நெருக்கமாகக் கோடு கோடாக இருக்கிறது. தாத்தாவுக்கு ஈயத்தில் என்ன வேலை? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கரிச்சட்டி

தம்பி, குறட்டை விடுங்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். என் இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், பட்டறையில் மனுஷனைக் காப்பாற்றுவதும் கொல்வதும் குறடுதான். வாய் சரியாகப் பிடிக்காத குறட்டில் பழுத்த இரும்பை வைத்து சம்மட்டியால் அடித்தால் துண்டு தெறித்து யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் பட்டறையில் ஒருத்தர் கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

என்னுடையது பெட்டிவாய்க் குறடு. அரிவாள் அடிக்கும் லாரி ஸ்பிரிங் பட்டைக்கென்றே செய்தது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் காது மடக்கிவிட்டிருக்கும், பட்டை உள்ளே உட்கார்ந்தால் இடம் வலம் அசையாது. கைப்பிடியில் ஒரு வளையம். பட்டையைக் கவ்வியதும் வளையத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் இறுகிக்கொள்ளும், அப்புறம் விரலுக்கு வேலை இல்லை. நாள் முழுக்கக் குறட்டை இறுக்கிப் பிடித்தே அடிக்கிறவருக்கு ராத்திரி சோறு பிசைய விரல் மடங்காது. அதை அனுபவித்தவனுக்கு அந்த வளையத்தின் அருமை தெரியும்.

கடையில் வாங்கிய குறடாக இருந்தாலும் அப்படியே பயன்படுத்தாதே. வாயை மட்டும் சிவக்கக் காய்ச்சி, எந்த கனத்தைப் பிடிக்கப் போகிறாயோ அதே கனத்தில் ஒரு துண்டை வாயில் வைத்து மேலே தட்டு. தாடை முழுசும் படிய வேண்டும். நுனியில் மட்டும் பிடித்தாலும் தப்பு, அடியில் மட்டும் பிடித்தாலும் தப்பு. அதே நேரத்தில் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் தடிமனுக்குக் கம்பியைக் கொடுத்துவிடு, பிடி அளவாக நிற்கும்.

உன் ஈயத்தகடு எனக்கும் புரியவில்லை. மீன் வலைக்கு குண்டு வார்த்தாரோ?

ஓசூர்_உலை

எங்கள் ஊரில் ஏரியே வருடத்தில் நாலு மாசம்தான் அண்ணே :) குறட்டைத் தள்ளியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

மாமல்லை_உளி

நாங்கள் சிற்பிகளுக்கு உளி தட்டிக் கொடுக்கிறவர்கள். கருங்கல்லில் வேலை செய்தால் உளி முனை நாளில் பலமுறை மழுங்கும். சீக்கிரம் மழுங்காத கார்பைடு முனை வைத்த உளியும், காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் டூலும் வந்து எங்கள் வேலை பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனாலும் முகம், விரல், நகை வேலைப்பாடு என்று வந்தால் பழைய எஃகு உளியைக் கேட்கிற சிற்பிகள் இன்னும் இருக்கிறார்கள்.

என் கருவியைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரு பழைய அலுமினியத் தாம்பாளம், அதற்குள் செங்கல் சில்லு. அவ்வளவுதான்! தண்ணீர் அரை விரல் ஆழம், அதற்கு மேல் போகக் கூடாது. முனையைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் நிறுத்தினால் நுனி மட்டும் குளிரும், மேல் உடம்பில் சூடு அப்படியே இருக்கும். உடனே எடுத்து செங்கல் சில்லில் இரண்டு தேய்ப்பு. முனை வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இப்போது கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். மேலே மிச்சமிருக்கும் சூடு கீழே இறங்கி வரும், அதோடு நிறமும் இறங்கும். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், அது கறுத்துப் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் நீலம். வைக்கோல் நிறம் முனையைத் தாண்டி பழுப்பு தொட வரும்போது மொத்தமாகத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும். நீலம் வரைக்கும் விட்டால் கருங்கல் முன்னால் முனை மடங்கும். முதல் வெள்ளையிலேயே முக்கிவிட்டால் நாலாவது அடியில் சில்லு பறக்கும், சிற்பியின் கண்ணுக்கு ஆபத்து.

பக்கெட்டில் பண்ணினால் ஆகாதா என்று கேட்பார்கள். பக்கெட்டில் எவ்வளவு ஆழம் விட்டோம் என்பது கை சொல்கிற கணக்கு, உளிக்கு உளி மாறும். தாம்பாளத்தில் உளி அடியில் முட்டி நிற்கும், நாற்பது உளிக்கும் ஒரே அளவு. அதில் யாராவது கை கழுவினால் எனக்குக் கோபம் வரும்.

இரும்புப்பூனை

கோவையிலிருந்து. தொழில்முறைக் கொல்லர் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, மொட்டை மாடியில் சின்ன உலை வைத்துக் கத்தி செய்கிறேன். மாமல்லை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தேன், அம்மா முறைத்தார்கள்.

என்னுடையது ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். பகல் வெளிச்சத்தில் சிவப்பு நிறத்தை நம்பி நான் வீணாக்கிய கத்திகளுக்குக் கணக்கில்லை. வெயிலில் கறுப்பாகத் தெரிகிற இரும்பு, நிழலுக்கு வந்தால் பழுத்திருக்கும். காந்தத்துக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். உலை ஓரத்தில் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன், கத்தியை வெளியே இழுத்து லேசாகத் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டாமல் நழுவினால், இன்னும் ஒரு பங்கு நிறம் ஏற்றி எண்ணெயில் இறக்குவேன். ஸ்பிரிங் பட்டைக்கு அந்த 770-லேயே நிறுத்தக் கூடாது, 850 பக்கம் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. காந்தத்தை நெருப்புக்குள் நீட்டாதீர்கள். அதற்கும் சூடு ஆகாது, வலு போய்விடும். என் முதல் காந்தம் இப்போது ஃப்ரிட்ஜில் காகிதம்கூடப் பிடிக்காது.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. உலைக்குக் காற்று ஊதும் ப்ளோயருக்கு ஃபேன் ரெகுலேட்டர் போட்டேன், 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, மோட்டார் கொதிக்கிறது. காற்றைக் குறைக்க வேறு வழி உண்டா?

கரிச்சட்டி

தங்கச்சி, அந்த ரெகுலேட்டரை முதலில் கழற்று. அது இண்டக்‌ஷன் மோட்டாராக இருக்கும், வேகம் உருப்படியாகக் குறையாது, சூடுதான் ஏறும். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு குழாயில் ஒரு கீறல் போட்டுத் தகடு சொருகு. தகட்டை இழுத்தால் காற்று, தள்ளினால் நிறுத்தம். காற்றை அடைத்தால் மோட்டார் திணறும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். இந்த மாதிரி விசிறி ப்ளோயரில் அது தலைகீழ், வாயை அடைத்தால் சுமை குறையும். என்னுடையது பழைய பிஸ்கட் டின் மூடியை வெட்டியது. அதையும் இரவல் தர மாட்டேன் :)

ஏழூர்த்_துருத்தி

காற்றுப் பேச்சு வந்ததால் ஒரு இடைச்செருகல், மன்னிக்கவும். நான் தமிழாசிரியன், பட்டறை வேலை தெரியாது, வேடிக்கை பார்க்க வருகிறவன். குறுந்தொகை 172ஆம் பாட்டில் ஒரு துருத்தி வருகிறது. ஏழு ஊர்க்காரர்களின் வேலைக்கும் ஒரே ஊரில் கட்டி வைத்த, காலால் மிதித்து ஊதும் தோல் துருத்தி. ஓய்வே இல்லாமல் அது படுகிற பாட்டைத் தன் நெஞ்சு படுகிற பாட்டுக்கு உவமை சொல்கிறாள் தலைவி. இரவல் கொடுத்த கருவியின் கதி அன்றைக்கே அப்படித்தான்!

ஷெஃபீல்டு_செல்வன்

பிரமாதம் ஐயா. நான் ஊரை விட்டு வந்து பதினெட்டு வருடம், இருப்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பக்கம். இங்கே வந்துதான் இரும்படிக்கவே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் மாமா சிரிப்பார்.

என் கருவி ஒரு குட்டிச் சக்கரம். கைப்பிடி நுனியில் தோசை அளவு வட்டத்தகடு சுழலும், அவ்வளவே. மர வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்ட அளவெடுப்பது. தகட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு மரச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி உருட்டி எத்தனை சுற்று, மிச்சம் எவ்வளவு என்று எண்ணுவோம். அப்புறம் இரும்புப் பட்டையின் உட்பக்கம் அதே சக்கரத்தை உருட்டுவோம். இரும்பு எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டுமோ அவ்வளவு குறைத்து ஒட்டவைப்போம். டேப் வேண்டாம், கணக்கு வேண்டாம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் சுகம்தான். ஐந்தடிச் சக்கரத்துக்குச் சுற்றளவு பதினைந்தே முக்கால் அடி வரும். அந்தப் பட்டையை 500 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளும். சூட்டோடு சூடாகச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் அந்த மூன்று சென்டிமீட்டரும் சுருங்கிக்கொண்டு ஆரக்கால் எல்லாவற்றையும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தோடு இறுக்கிப் பூட்டும். மரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்கும். சின்ன வயதில் எங்கள் ஊரில் வரட்டியை வட்டமாக அடுக்கிக் கொளுத்தி இதையே செய்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசாரி எதை வைத்து அளந்தார் என்று அப்போது கவனிக்கத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். பழைய இரும்புக் கடையில் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டடை கிடைத்தால் பக்கவாட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மூன்று எண் இருந்தால் அது பெரும்பாலும் எடை. முதல் எண்ணை 112-ஆலும் இரண்டாவதை 28-ஆலும் பெருக்கி மூன்றாவதை அப்படியே கூட்டுங்கள், பவுண்டில் வரும். 1 2 10 என்றிருந்தால் 178 பவுண்டு, கிட்டத்தட்ட 81 கிலோ. அதை வருடம் என்றோ பார்ட் நம்பர் என்றோ நினைத்து ஆக்ஸிஜன் கட்டிங்கில் துண்டு போட்டு விற்ற கதையைக் கேட்டபோது வயிறு எரிந்தது.

வெல்டர்_குமார்

நல்ல பட்டடைக்கு எங்கே போவது சார். போன வருடம் ஆன்லைனில் ஒரு கடையில் பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்த பட்டடை வாங்கினேன். இருபது கிலோ, 'ஸ்டீல்' என்று போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள், கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் கொம்பு ஒடிந்து விழுந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால் சாம்பல் நிறம், சர்க்கரை மாதிரிப் பொடி. வெறும் வார்ப்பிரும்பு. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது தண்டவாளத் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லவும்.

இரும்புப்பூனை

குமார் அண்ணா, அடுத்த முறை பாக்கெட்டில் ஒரு பேரிங் குண்டோடு போங்கள். பத்து அங்குல உயரத்திலிருந்து பட்டடை முகத்தில் போடுங்கள். ஏழெட்டு அங்குலம் திரும்பி எம்பினால் நல்ல எஃகு முகம். பாதிகூட வராமல் 'தொப்' என்று உட்கார்ந்தால் நடையைக் கட்டுங்கள். ஆன்லைனில் குண்டு போட முடியாது, அதுதான் சிக்கல்.

கரிச்சட்டி

குமார், தண்டவாள விஷயத்தில் ஜாக்கிரதை. கணக்கில்லாத ரயில்வே இரும்பைக் கையில் வைத்திருந்தாலே கேஸ், அதற்கென்று 1966ஆம் வருடத்திலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் பில்லோடு வாங்கினால் மட்டும் தொடு, இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். கனமான ஷாஃப்ட் துண்டோ, ஜேசிபி பக்கெட்டின் தடித்த முள்ளோ போதும்.

அப்படிப் பில்லோடு கிடைத்தாலும் தண்டவாளத்தைப் படுக்க வைத்து அடிக்காதே. நடுவில் இருக்கும் தண்டு ஒல்லி, ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்து பாதி பலத்தைத் தின்றுவிடும். செங்குத்தாக நட்டு, வெட்டுமுகத்தில் அடி. 60 கிலோ ரகம் என்றால் ஒரு மீட்டர் துண்டு 60 கிலோ, அத்தனை எடையும் நேராகச் சுத்திக்குக் கீழே நிற்கும். இடம் சின்னதுதான். ஆனால் சுத்தி படுகிற இடம் எவ்வளவு பெரிது, ஒரு உள்ளங்கை இருக்குமா?

வெல்டர்_குமார்

நட்டு வைக்கிற யோசனை தோன்றவே இல்லை. நன்றி அண்ணே.

பழைய_கொல்லர்

(தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்கிறேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது.)

ஓசூர் தம்பி, உன் கையில் இருப்பது கருக்கு உளி. கதிர் அறுக்கிற அரிவாளுக்குப் பல் வெட்டுவது. எங்களுக்குத் தை மாசம் அறுவடை என்றால் மார்கழி பிறந்ததும் பட்டறை வாசலில் பொம்பளைகள் வரிசை நிற்கும். ஒரு நாளைக்கு முப்பது அரிவாள் கருக்கு வெட்டியிருக்கிறேன். கூலி காசாக வராது, களத்தில் நெல்லாக வரும். அறுவடை மெஷின் வந்தது, வரிசை போச்சு.

உளியில் சூட்டு அடையாளம் இல்லை என்றாயே, சரியாகப் பார்த்திருக்கிறாய். இது பச்சை இரும்பில், அதாவது சூடில்லாத இரும்பில் அடிக்கிற உளி. முதல் நாள் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும். காலையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் பல். மறுபக்கம் வழவழவென்றே இருக்கட்டும், கூர் போகப் போக அந்தப் பக்கத்தைத் தீட்டினால் பல் தானாகப் புதுசாகும். பல் சாய்வு கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும். கதிரை இழுத்துத்தானே அறுக்கிறோம், தள்ளியா அறுக்கிறோம்?

இடைவெளியைக் கண்ணால் அளக்காதே, முடியாது. ஓர் அங்குலத்தில் இருபது பல்லுக்கு மேல் விழ வேண்டும், எந்தக் கண்ணுக்கு அது ஆகும். ஒரு அடி அடித்தால் உளிக்கு முன்னால் சன்னமாக ஒரு பிசிறு எழும்பும். உளியைத் தூக்கிப் பிசிறைத் தாண்டி வைத்து, மெதுவாக அந்தப் பிசிறு வரை பின்னுக்குத் தள்ளு. முட்டும். விரலுக்குத் தெரியும். அங்கே அடி. அடுத்த பிசிறு எழும்பும், மறுபடி முட்டு, அடி. கண்ணை மூடிக்கொண்டும் வெட்டலாம். எல்லா அடியும் ஒரே பலம் என்றால் எல்லா இடைவெளியும் ஒன்றாக வரும். பலமாக அடித்தால் பிசிறு பெரிது, பல் அகலும்.

ஈயம் அரிவாளுக்கு மெத்தை. ஒரு பக்கமே வெட்டினால் வெட்டின பக்கம் நீண்டு அரிவாள் வில்லாக வளையும். பல் கீழே இருக்கிற மாதிரி ஈயத்தில் கவிழ்த்து, இரண்டு முனையையும் மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்துவோம். ஈயம் பல்லை உடைக்காது, தன் மேல் பதித்துக்கொள்ளும். நீ பார்த்த கோடெல்லாம் உன் தாத்தா வெட்டிய பல்.

நிமிர்த்தின பிறகுதான் தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கெட்டியாக்குவது. முன்னாடி தோய்ச்சல் போட்டுவிட்டு உளியை வைத்தால் உளி வாய் போகும்.

ஓசூர்_உலை

ஐயா, உங்களுக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோடுகள் வளைவு வளைவாக, ஒன்றின் மேல் ஒன்று. அது அரிவாளின் வளைவு என்று இப்போதுதான் தெரிகிறது. சனிக்கிழமை முயற்சி செய்துவிட்டு எழுதுகிறேன்.

மாமல்லை_உளி

கொல்லர் ஐயா, 'பிசிறு முட்டும்' என்ற இடத்தை மூன்று முறை படித்தேன். அரம் வெட்டுகிறவர்களும் இப்படித்தான் செய்வார்களாம், எங்கள் அப்பா சொல்வார்.

தம்பி, தலை காளானாக விரிந்திருக்கிறது என்றாயே, முதலில் அந்த விளிம்பை அரைத்து எடு. அதிலிருந்து தெறிக்கிற சில்லு ரொம்பப் பொல்லாதது. கண்ணாடி போடாமல் உட்காராதே.

ஓசூர்_உலை

முடிந்தது, ஆனால் நினைத்த மாதிரி இல்லை.

தலையை அரைத்துச் சரி செய்தேன். பழைய அரிவாள் ஒன்றைச் சாம்பலில் புதைத்து எடுத்தேன். முதல் அரை மணி நேரம் வெட்டிய பல் குடிகாரன் நடந்த பாதை மாதிரி இருந்தது. பிசிறு முட்டுவது எனக்குத் தெரியவே இல்லை, உளியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அலுத்துப்போய்க் கை தளர்ந்த பிறகுதான் சட்டென்று தெரிந்தது. நகத்தில் நூல் தட்டுப்படுகிற மாதிரி, அவ்வளவு சன்னம். அதற்கப்புறம் ஒரு சாண் நீளம் ஒழுங்காக வந்தது. கம்பெனியில் அந்த இடைவெளிக்கு நான் புரோகிராமில் ஒரு வரி எழுதுவேன்.

எண்ணெயில் இறக்கி, அடுப்பில் சூடு காட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். இங்கே கேழ்வரகுக் கதிரை இன்னும் கையால் கொய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டி கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். "உங்க தாத்தா இன்னும் நெருக்கமா போடுவாரு" என்றார். ஆனால் அரிவாளைத் திருப்பித் தரவில்லை, இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

கரிச்சட்டி

அப்புறம் என்ன, ஆர்டர் வந்துவிட்டது! தம்பி, அந்த உளியை எனக்கு ஒரு வாரம் கூரியரில் அனுப்பேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

ஓசூர்_உலை

அது எங்கேயோ கிடக்குதுண்ணே.

அளவும் போட்டோவும் அனுப்புகிறேன். பழைய அரம் ஒன்றைக் காய்ச்சி நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.